அது யார் பெய்வித்த மழை?

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு காலி பெயின்ட் வாளி கிடந்தது. வெள்ளையடிக்க வந்தவர்கள் மறந்து விட்டுப்போன இருபது லிட்டர் வாளி. மறுநாள் காலை மழை கொஞ்சம் மூச்சுவிட்ட நேரத்தில் ஏறிப் பார்த்தேன். விளிம்பு வரை நிரம்பி வழிந்திருந்தது. கீழே தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை, பாலும் இல்லை. அந்த நேரத்தில் வாளிக்குள் ஸ்கேலை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்த என்னை அம்மா பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டாம். முப்பத்தேழு சென்டிமீட்டர் இருந்தது.

பெயின்ட் வாளி ஒழுங்கான மழைமானி அல்ல. அடி குறுகல், வாய் அகலம். எத்தனை மணிக்கு நிரம்பியது, அதன்பின் எவ்வளவு வழிந்தோடியது என்றெல்லாம் அதற்குச் சொல்லத் தெரியாது. ஒழுங்கான மழைமானிகளின் கணக்கு பிறகுதான் கைக்குக் கிடைத்தது. நம் நாட்டில் மழைக்கு நாள் பிறப்பது காலை எட்டரை மணிக்கு. டிசம்பர் 2 காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29.

49 செ.மீ. என்றால் மனதில் ஒன்றும் பதியாது. சென்னைக்காரர்களுக்குப் புரிகிற அளவில் சொல்கிறேன். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி ஒன்றின் மேல் அன்று ஒரே நாளில் விழுந்த தண்ணீர் சுமார் 45,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஏறக்குறைய நான்கு. கோடையில் ஒரு லாரிக்காகப் பத்து நாள் காத்திருக்கும் ஊரில், ஒவ்வொரு வீட்டு மாடியிலும் நான்கு லாரிகளை ஒரே ராத்திரியில் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறது வானம்.

அந்த வாரம்தான் பாரீஸில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தது. நவம்பர் 30ஆம் தேதி தொடங்கிய மாநாடு. ஒரு பக்கம் உலகத் தலைவர்கள் பூமியின் சூட்டைப் பற்றிப் பேசுகிறார்கள், இன்னொரு பக்கம் சென்னை மூழ்குகிறது. இரண்டையும் கோத்துப் பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? தொலைக்காட்சிகள் கோத்தன, தலையங்கங்கள் கோத்தன. மாடிப்படியில் உட்கார்ந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் பேசிக்கொண்டிருந்த நாங்களும் கோத்தோம். “எல்லாம் குளோபல் வார்மிங்தான்” என்றார் எதிர்வீட்டு மாமா. யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.

மாமா சொன்னது சரியா என்பதுதான் இந்த அத்தியாயம். பதிலுக்குப் போகும் வழி கொஞ்சம் சுற்று.

அதே 2015இல், பிப்ரவரி 26ஆம் தேதி, அமெரிக்க செனட் சபையில் ஒரு காட்சி நடந்தது. ஓக்லஹோமா மாநில செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டு, வெளியிலிருந்து அள்ளிவந்த பனி உருண்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். வெளியே இவ்வளவு குளிர் அடிக்கிறது, பூமி சூடாகிறதாம் என்பது அவருடைய வாதம். பிறகு அதைச் சபைக்குள்ளேயே தூக்கிப் போட்டார். பூமி முழுவதற்குமாகச் சராசரி எடுத்தபோது, அளவீடுகள் தொடங்கியதிலிருந்து அதுவரை வந்த ஆண்டுகளிலேயே மிக வெப்பமானதாக அந்த 2015தான் வந்து நின்றது.

இன்ஹோஃபைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அவர் பனி உருண்டையை வைத்துச் செய்ததைத்தான் நாங்கள் பெயின்ட் வாளியை வைத்துச் செய்தோம். ஓர் ஊர், ஒரு நாள், ஒரு கைப்பொருள். அதிலிருந்து முழுப் பூமிக்கும் ஒரே தாவல். எங்கள் முடிவு அறிவியலுக்குச் சாதகமாக இருந்ததால் எங்கள் தாவல் அறிவியலாகிவிடாது.

வானிலை என்பது இன்றைக்கு நடப்பது. காலநிலை என்பது முப்பது ஆண்டுக் கணக்கேட்டைப் பார்த்து, இந்த ஊரில் இந்த மாதத்தில் இன்னது எதிர்பார்க்கலாம் என்று சொல்வது. முந்தையதை வாளி அளக்கும். பிந்தையதற்குப் பழைய கணக்கு வேண்டும். பழைய கணக்கு என்று வந்துவிட்டால், சென்னைக்கு இணையாகச் சொல்ல வெப்பமண்டலத்தில் அதிகம் ஊர்கள் கிடையாது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வகம் கட்டியது. நட்சத்திரம் பார்த்து நேரமும் தீர்க்கரேகையும் கணித்து, கப்பல்களுக்கு வழி சொல்ல வேண்டும் என்பது நோக்கம். தொலைநோக்கியைத் தாங்க அங்கே நிறுத்திய கருங்கல் தூணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு உண்டு. இன்றைய வானிலை மையத்தின் வளாகத்தில் அந்தத் தூண் இன்னும் நிற்கிறது. வானாய்வகத்தில் வேலை பார்த்த ஜான் கோல்டிங்ஹாம் 1796இல் வெயிலையும் காற்றழுத்தத்தையும் குறித்துவைக்கத் தொடங்கினார். (இதே கோல்டிங்ஹாம்தான் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிப்பதை வைத்து ஒலியின் வேகத்தை அளந்தவர். பீரங்கியை இதைவிட நல்ல காரியத்துக்கு யாரும் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை.) 1813 முதல் சென்னையின் மாதாந்திர மழைக் கணக்கு நம்மிடம் இருக்கிறது.

அந்தக் கணக்கேட்டைப் புரட்டினால் முதல் அதிர்ச்சி காத்திருக்கிறது. 2015 நவம்பர் மாதம் முழுவதும் நுங்கம்பாக்கத்தில் பெய்தது 1,049 மில்லிமீட்டர். அப்பாடா, வரலாறு காணாத மழை என்று எழுத எடுத்த பேனாவை வைத்துவிட வேண்டியதுதான். 1918 நவம்பரில் 1,088. அன்று காற்றில் இருந்த கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 300 பங்கு. 2015இல் சுமார் 400. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வாயு, ஆனால் 39 மில்லிமீட்டர் குறைவான மழை. ஒரே நாளில் கொட்டிய கணக்கும் இப்படித்தான். 1976 நவம்பரில் நுங்கம்பாக்கம் ஒரே நாளில் 45 செ.மீ. வாங்கியிருக்கிறது. 2015 டிசம்பர் 1இல் அதே நுங்கம்பாக்கத்துக்குக் கிடைத்தது 29தான்.

ஆகவே புவி வெப்பமடைதல் பொய் என்று இங்கே யாராவது எழுந்து நின்றால் அவரை உட்காரச் சொல்லுங்கள். 1918ஐயும் 2015ஐயும் தனியே எடுத்து ஒப்பிடுவதும் பனி உருண்டை வித்தைதான். நம் கடற்கரையில் மழை இயல்பிலேயே தாறுமாறானது என்பதுதான் அந்த எண்கள் சொல்வது. வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஐம்பது கிலோமீட்டர் வடக்கே விலகினால் நமக்குத் தூறல், நெல்லூருக்குக் கொட்டல். டிசம்பர் 1 இரவில் தாம்பரத்துக்கு 49, நுங்கம்பாக்கத்துக்கு 29. நடுவில் மின்சார ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். நுங்கம்பாக்கத்தின் ஏட்டை மட்டும் பார்க்கும் எதிர்கால ஆய்வாளருக்கு அன்றைய மழை ஒரு பெரிய மழை, அவ்வளவே. தாம்பரத்து ஏடு வேறு கதை சொல்லும்.

இதோடு மனித நினைவும் சேர்ந்துகொள்கிறது. ஐப்பசியில் அடைமழை என்று பழமொழி இருக்கிறது. அந்த அடைமழை இப்போது பெய்வதில்லை என்ற புலம்பலும் ஐப்பசிதோறும் தவறாமல் வருகிறது. என் தாத்தா புலம்பினார், அவருடைய தாத்தாவும் புலம்பியிருப்பார். மூழ்கிய வருஷங்களும் வறண்ட வருஷங்களும் நினைவில் நிற்கும். சும்மா பெய்துவிட்டுப் போன வருஷங்களை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அவற்றை வைத்திருப்பது ஏடு மட்டும்தான்.

சரி, ஏட்டை விட்டு இயற்பியலுக்கு வருவோம். மாமாவின் பக்கம் ஒரு பலமான வாதம் இருக்கிறது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. பூமி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட 2015 வாக்கில் ஏறக்குறைய ஒரு டிகிரி சூடேறியிருந்தது. ஆகவே உலகம் முழுக்கப் பேய்மழைகள் கனமாக வேண்டும். உலகச் சராசரியில் கனமாகியும் வருகின்றன. அப்படியானால் டிசம்பர் 1 மழையிலும் அந்த 7 சதவீதம் இருந்திருக்க வேண்டாமா?

இதைத்தான் நாலு பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். நெதர்லாந்து வானிலை நிறுவனத்தின் கேர்ட் யான் வான் ஓல்டன்போர்க், அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஃபிரீடரிக்கே ஓட்டோ, கார்ஸ்டன் ஹவுஸ்டைன், டெல்லி ஐ.ஐ.டி.யின் கிருஷ்ணா அச்சுதராவ். இந்தத் துறைக்குக் காரணம் பிரித்தறிதல் என்று பெயர் வைக்கலாம். செய்முறை எளிதல்ல, ஆனால் கேள்வி எளிது. எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருந்தது. சாலை புதிதாகப் போட்டபோது அதை எடுத்துவிட்டார்கள். முன்பு வருஷத்துக்கு ஒரு விபத்து, இப்போது மூன்று. வேகத்தடை போனதால்தான் வந்த விபத்து இந்த மூன்றில் எது? சொல்ல முடியாது. ஒவ்வொன்றிலும் ஒரு அவசரக்கார பைக் இருக்கும், ஒரு செல்போன் இருக்கும், ஈரத் தரை இருக்கும். ஆனால் விபத்துக்கான வாய்ப்பு மூன்று மடங்காகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடலாம். வானிலையிலும் அதேதான். மனிதன் புகைவிட்ட உலகம் ஒன்று, விடாத உலகம் ஒன்று என இரண்டைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஓடவிட்டு, இப்படியொரு மழை எதில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறார்கள். கூடவே உண்மையான மழைமானிகளின் நூறாண்டு ஏட்டையும் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

2016இல் அமெரிக்க வானிலைக் கழகத்தின் இதழில் முடிவு வந்தது. சென்னை மழையில் புவி வெப்பமடைதலின் கைவரிசை எதுவும் புலப்படவில்லை.

முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஒரு நல்ல கதையை யாரோ பறித்துக்கொண்ட மாதிரி. பிறகு காரணத்தைப் படித்தேன். அது பறிபோன கதையைவிட நல்ல கதை.

மழைக்குத் தண்ணீர் கொடுப்பது கடல். வங்கக்கடலின் மேற்குப் பகுதி, அதாவது நம் கரையோரக் கடல், மற்றக் கடல்களைப் போலச் சூடேறவில்லை என்று கண்டார்கள். கடல் சூடேறாவிட்டால் கூடுதல் நீராவி எங்கிருந்து வரும்? ஏன் சூடேறவில்லை என்பதற்கு அவர்கள் காட்டிய முதல் சந்தேக நபர் நம் வீட்டு அடுப்பிலிருந்தும் லாரியிலிருந்தும் அனல் மின் நிலையத்திலிருந்தும் கிளம்புகிற புகை. கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிற நுண்துகள் படலம். சூரிய ஒளியில் ஒரு பங்கை அது மேலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது, இன்னொரு பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. தரைக்கும் கடலுக்கும் வந்து சேரும் வெயில் குறைகிறது. கரியமில வாயு போர்வை போர்த்த, நுண்துகள்கள் குடை பிடிக்கின்றன.

இந்தக் குடையை முதலில் அக்கறையாக அளந்தவர்களில் நம் ஊர்க்காரர் ஒருவர் உண்டு. மதுரையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். 1999இன் முதல் மாதங்களில் கப்பல்களும் விமானங்களும் பலூன்களும் கொண்டு இந்தியப் பெருங்கடலை அலசிய இண்டோயெக்ஸ் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். அந்தக் கடலின் வடபாதி முழுக்கப் பழுப்புப் புகை மூடிக் கிடந்ததை அந்த ஆய்வுதான் உலகத்துக்குக் காட்டியது. மாலத்தீவுக்கு அருகே, எந்தத் தொழிற்சாலையும் இல்லாத நடுக்கடலில்.

1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரிதான் கூடியிருக்கிறது என்று நம் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. உலகச் சராசரியைவிடக் குறைவு. குடையின் வேலை அது என்பதே பரவலான விளக்கம். வடக்கே பெருகிய கால்வாய்ப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் ஈரத்தால் தரையைக் குளிர்வித்ததும் சேர்ந்திருக்கலாம். 2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி பதிவானபோது இதே வகை ஆய்வு நடந்தது. அங்கும் புவி வெப்பமடைதலின் தடம் தெளிவாகச் சிக்கவில்லை. அங்கும் சந்தேகம் நுண்துகள், பாசனம் என்றுதான் போனது.

ஆக, நம் ஊரில் பூமியின் சூடு தெரியாமல் போனால் அது இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு தவறு இன்னொரு தவறை மறைத்துக்கொண்டிருக்கலாம்.

எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் வேறு கட்சி பேசினார். “மழைய விடுங்க சார். சூட்டச் சொல்லுங்க. முன்னெல்லாம் மார்கழில காலைல கரியப் போட்டதும் பெட்டிகிட்ட கை காட்டிக் காய்ச்சிக்குவேன். இப்ப மார்கழிலயே வேர்க்குது.” பொய்யில்லை; அவர் நெற்றியில் வேர்வை இருந்தது. ஆனால் அவர் தலைக்கு மேல் என்ன இல்லை என்பதையும் கவனித்தேன். பத்து வருஷத்துக்கு முன் அந்த வண்டி நின்றது ஒரு பெரிய வேப்பமரத்தடியில். மழைநீர்க் கால்வாய் கட்டுவதற்காக அதை வெட்டினார்கள். எதிரே ஓட்டு வீடு இருந்த இடத்தில் நாலு மாடி அடுக்ககம். அதன் சுவரிலிருந்து பதினோரு ஏ.சி. பெட்டிகள் அவர் முதுகுப் பக்கமாகச் சூட்டை ஊதுகின்றன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

இப்போது அவருடைய நெற்றி வேர்வைக்கு யார் பொறுப்பு? இதிலொரு பங்கு பூமியின் சூடாக இருக்கலாம். பெரும்பங்கு வேப்பமரமும் சிமென்ட்டும் ஏ.சி.யும். பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும் சிமென்ட்டும் தாரும் இரவில் அதைக் கக்குகின்றன. அதனால் நகரத்தின் கூடுதல் சூடு பகலைவிட இரவில்தான் உறைக்கும். இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. மேகங்களுக்கு இன்று வழங்கும் பெயர்களை வைத்த லூக் ஹோவர்டு, சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே லண்டனின் இரவு சுற்றுப்புறக் கிராமங்களைவிட ஏறக்குறைய இரண்டு டிகிரி செல்சியஸ் சூடாக இருப்பதை அளந்து எழுதிவைத்திருக்கிறார்.

அப்படியானால் ஒரு நியாயமான சந்தேகம் எழும். உலகத்து வெப்பமானிகள் பல, நகரங்களில்தானே இருக்கின்றன? பூமி சூடாகிறது என்று நாம் நினைப்பதெல்லாம் ஊர்கள் பெருத்ததன் விளைவாக இருந்தால்? இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் டேவிட் பார்க்கர் 2004இல் ஒரு வழி கண்டார். அறிவியலில் எனக்குப் பிடித்த தந்திரங்களில் அது ஒன்று. நகரச் சூடு தேங்குவது காற்றில்லாத இரவுகளில். பலமான காற்று அடித்தால் அது கலைந்து போய்விடும். கடற்காற்று வந்த மாலையில் மாம்பலத்து மாடியும் கேளம்பாக்கத்து வயலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே ஏட்டில் தெரியும் வெப்ப ஏற்றம் நகரத்தின் குற்றமானால், காற்றில்லாத இரவுகள் அதிகமாகச் சூடேறியிருக்க வேண்டும், காற்றடித்த இரவுகள் குறைவாக. பார்க்கர் உலகெங்கும் உள்ள நிலையங்களின் ஐம்பதாண்டு இரவுகளை இரண்டு குவியலாகப் பிரித்தார். இரண்டும் ஒரே அளவில் சூடேறியிருந்தன. காற்று கலைக்க முடியாத சூடு அது. போதாததற்குக் கடலும் சூடேறியிருக்கிறது. அங்கே அடுக்ககம் கட்டியவர் எவருமில்லை.

ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் எந்த நாளில் முழுமையாகப் பூத்தன என்ற குறிப்பு 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கிறது. அரசவைப் பிரபுக்களும் துறவிகளும் நாட்குறிப்பில் எழுதிவைத்தவை. பூப்பார்க்கும் விருந்துக்கு நாள் குறிக்க எழுதியதை யாசுயுகி ஆவோனோ என்ற ஆய்வாளர் பொறுமையாகத் திரட்டி வெப்பமானியாக மாற்றிவிட்டார். 2021இல் மார்ச் 26ஆம் தேதியே பூ முழுதாக மலர்ந்துவிட்டது. ஆயிரத்து இருநூறு ஆண்டு ஏட்டில் அதுவரை அவ்வளவு சீக்கிரம் மலர்ந்ததில்லை. உலகப் பத்திரிகைகள் அந்தப் படத்தைப் போட்டுப் புவி வெப்பமடைதல் என்று எழுதின. அது பாதிச் சரி. கியோட்டோவும் நம் தெருவைப் போலப் பெருத்த நகரம். சுற்றுப்புறத்துச் சிற்றூர் நிலையங்களோடு ஒப்பிட்டு நகரத்தின் பங்கைத் தனியே பிரித்தார்கள். அது சிறிய பங்கல்ல. ஆனால் அதைக் கழித்த பிறகும் பூ முந்துகிறது. ஒரு பூவின் அவசரத்தில் இரண்டு சூடுகள் கலந்திருந்தன.

இஸ்திரி அண்ணனின் வேர்வையிலும் அப்படிக் கழித்துப் பார்த்தால் மீதி ஏதாவது இருக்குமா? இருக்கும் என்று நம்பக் காரணம் உண்டு, அதுவும் நாம் வெப்பமண்டலத்தில் இருப்பதால். கேட்க விநோதமாக இருக்கும். பூமியின் சூடு துருவப் பக்கம்தான் வேகமாக ஏறுகிறது, நம் பக்கம் மெதுவாக. ஆனால் சிக்காகோவில் ஒரு ஜனவரிக்கும் அடுத்த ஜனவரிக்கும் சராசரியில் பல டிகிரி வித்தியாசம் சர்வ சாதாரணம். அந்த ஆட்டத்துக்கு நடுவே ஒரு டிகிரி ஏற்றம் சந்தைக்கடை இரைச்சலில் குயில் கூவிய மாதிரி. கொழும்பில் ஒரு வருஷத்துக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் டிகிரியில் பத்தில் சில பங்குதான். அங்கே அரை டிகிரி ஏறினாலே காதில் கேட்கும். அதனால் மழையில் தேடுவதைவிட வெப்பத்தில், அதுவும் வெப்பமண்டலத்து வெப்பத்தில் தேடினால் தடயம் சீக்கிரம் அகப்படும்.

இரைச்சலையும் குரலையும் ஒப்பிட்டு, குரல் எப்போது மேலெழும் என்று கணிக்கும் இந்த வேலையில் மறுபடியும் ராமநாதன் வருகிறார். 1980இல் அவரும் ரோலண்ட் மேடனும் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வடக்கு அட்சரேகை 60 டிகிரியை ஒட்டிய வெப்பநிலை ஆண்டுக்காண்டு இயல்பாக எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, கரியமில வாயுவின் விளைவு 2000க்குள் அந்த ஆட்டத்தை மீறித் தெரிய வேண்டும் என்று சொன்னார்கள். உலக விஞ்ஞானிகளின் ஐ.பி.சி.சி. குழு 2001 அறிக்கையில், கடந்த ஐம்பதாண்டு வெப்ப ஏற்றத்தில் பெரும்பகுதி மனிதனால் வந்திருக்கலாம் என்று எழுதியது. சோதிடர்கள் யாரும் இவ்வளவு துல்லியமாகத் தங்களைச் சோதனைக்கு உட்படுத்திக்கொண்டதில்லை.

மழையிலும் ஆள்கூட்டினால் குரல் கேட்கும். ஒற்றை மழைமானி உளறும். நூற்றுக்கணக்கானவற்றின் ஏட்டை ஒன்றாகக் கூட்டினால் உளறல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் தலைமையில் 2017இல் வந்த ஆய்வு இப்படித்தான் மத்திய இந்தியாவைப் பார்த்தது. 1950க்கும் 2015க்கும் இடையில், பரவலாகக் கொட்டித் தீர்க்கும் மழை நிகழ்வுகள் அங்கே மும்மடங்காகியிருந்தன. அந்த மழைக்கு ஈரம் தருவது பெரும்பாலும் அரபிக்கடல். நம் பக்கத்துக் கடலின் கதை வேறு.

வெப்பத்தில் இன்னும் தெளிவாகவே பதில் வந்திருக்கிறது. 2003 ஐரோப்பிய வெப்ப அலைக்கான வாய்ப்பை மனிதன் குறைந்தது இருமடங்காக்கினான் என்று 2004இல் பீட்டர் ஸ்டாட் குழு கணக்கிட்டது; இந்தத் துறையே அதிலிருந்துதான் சூடுபிடித்தது. 2021 ஜூன் 29 அன்று கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி, மறுநாள் அந்த ஊரே தீயில் கருகியது. பூமி சூடாகாதிருந்தால் அப்படியொரு வெயில் அங்கே ஏறக்குறைய நடக்கவே முடியாதது என்றார்கள். 2022 மார்ச், ஏப்ரலில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வறுத்த வெயிலுக்கான வாய்ப்பு சுமார் 30 மடங்கு கூடியிருந்தது. இந்தப் பதில்களில் சில, சென்னைக்கு ‘இல்லை’ சொன்ன அதே ஆட்கள் சொன்னவை. சென்னைக்கு இல்லை என்று சொல்லத் துணிந்திருக்காவிட்டால், லிட்டனுக்கு அவர்கள் ஆம் என்றதை நான் இவ்வளவு சுலபமாக நம்பியிருக்க மாட்டேன்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் விடவில்லை. “அப்ப நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வந்ததுக்கு யாருமே காரணம் இல்லேங்கிறியா?” மழை வேறு, வெள்ளம் வேறு மாமா என்றேன். 49 செ.மீ. மேகம் கொடுத்தது. அது எங்கே போய் நிற்பது என்பதைத் தீர்மானித்தவை வீட்டு மனைகளாகிப்போன ஏரிகள், பல மடங்கு சுருங்கிப்போன பள்ளிக்கரணைச் சதுப்பு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிட்ட விநாடிக்கு 29,000 கன அடித் தண்ணீர். எல்லாவற்றையும் பூமியின் சூட்டின் தலையில் போட்டால் சிலருக்கு மிகவும் வசதி. வானத்தின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது அல்லவா? மாமா சிறிது நேரம் பேசவில்லை. அவருடைய வீடு நிற்பதும் ஒரு காலத்தில் ஏரிக்கரைதான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சென்னை மழை பற்றிய அந்த ஆய்வுக்கட்டுரையின் சுருக்கத்தில் ஒரு சின்னச் சொல் இருக்கிறது. வெப்ப வாயுக்களின் விளைவை நுண்துகள்கள் ‘இதுவரை’ ஈடுசெய்து வந்திருக்கலாம் என்கிறார்கள். நுண்துகள்கள் காற்றில் நிற்பது சில நாட்கள், அதிகம் போனால் சில வாரங்கள். ஒரு நல்ல மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் இருக்கும். மூச்சுத் திணறலையும் நுரையீரல் நோயையும் குறைக்க நாம் புகையைச் சுத்தப்படுத்தத்தான் வேண்டும். சுத்தப்படுத்தினால் குடை மடங்கும். வங்கக்கடலுக்கு வெயில் முழுசாக வந்து சேரும்.

2023 டிசம்பர் 17ஆம் தேதி தென்கோடியில் மழை பிடித்தது. மறுநாள் காலை எட்டரை மணிக்குக் காயல்பட்டினத்து மழைமானி காட்டியது 95 சென்டிமீட்டர். எங்கள் பெயின்ட் வாளியை அங்கே வைத்திருந்தால் இரண்டரை முறை நிரம்பியிருக்கும். மாமா போன் செய்தார். “இது?” என்றார். மன்னார் வளைகுடாப் பக்கத்து மழை அது. அதற்கு 2015இல் சென்னைக்குச் சொன்ன பதிலைக் கடன் கொடுக்க முடியாது, முதலிலிருந்து கேட்க வேண்டும் என்றேன். அந்தக் கடலின் சூடு, அந்த வருஷத்து எல் நினோ, அந்தக் கரையின் பழைய ஏடு. “நீ கேட்டுச் சொல்லு” என்று வைத்துவிட்டார்.

வாளி இன்னும் மாடியில்தான் இருக்கிறது. அடியில் மட்டும் ஒரு விரிசல் விட்டிருக்கிறது.